எழுத்துப் பரீட்சையும் ஏழு கன்னியர் மலையும்

கலைப்பீடத்திற் பயிலும் நம்மிடையே ‘மனனம்’ என்ற சொல்லுக்கு நற்பெயர் இல்லை. விரிவுரைக் குறிப்பை வரிக்கு வரி ஒப்புவித்து உயர்ந்த புள்ளி பெறுபவரைப் பாராட்டிக்கொண்டே உள்ளூர இகழ்வது நமது வழக்கம். அதே வேளையில், பரீட்சை நெருங்கும் காலத்திற் கடந்த ஆண்டுகளின் வினாத்தாள்களைத் தேடித் திரிவதும், இம்முறை எது வரும், எது வராது என விடுதி அறைகளில் நள்ளிரவு வரை சோதிடம் கூறுவதும் நமது வழக்கமேயாகும். மனனத்தை இகழ்ந்துகொண்டே அதனால் வாழும் இம்முரண்பாட்டைச் சிந்திக்க என்னைத் தூண்டியது நமது பீடத்தைச் சார்ந்த நூல் எதுவுமன்று. விமானியாக விரும்பும் என் அண்ணன் எழுதியனவும், இன்னும் எழுதவிருப்பனவுமாகிய பரீட்சைகளே அச்சிந்தனையைத் தந்தன.

நாங்கள் ஹற்றனைச் சேர்ந்தவர்கள். அப்பா அங்கு ஒரு சிறிய சில்லறைக் கடை நடத்துகிறார். அண்ணன் உயர்தரத்திற் கணிதப் பிரிவிற் பயின்று, பொறியியற் பீடத்துக்கு வேண்டிய வெட்டுப்புள்ளியைச் சிறு வேறுபாட்டில் எட்டாது போனவர். இரண்டாண்டுகள் கொழும்பில் வேலை பார்த்தபின் இரத்மலானையில் ஒரு பறப்புப் பயிற்சி நிலையத்திற் சேர்ந்தார். கடையை ஈடுவைத்த பணம், அம்மாவின் நகைகளை அடகுவைத்த பணம், சவூதியில் வேலைசெய்யும் சித்தப்பா அனுப்பிய பணம் ஆகிய மூன்றும் சேர்ந்தே அவரை அங்கு கொண்டுசென்றன.

வெளியிலிருந்து நோக்குவோருக்கு விமானியின் கல்வி என்பது பறத்தல். உள்ளிருந்து நோக்கின் அதிற் பெரும்பகுதி மேசைமுன் அமர்ந்திருத்தலேயாகும். 1944 ஆம் ஆண்டு சிக்காகோவிற் கைச்சாத்திடப்பட்ட சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்துச் சமவாயத்தின் முதலாவது இணைப்பு, பயணிகள் விமானத்துக்குத் தலைமை தாங்க விழைபவர் எவ்வெத் துறைகளில் அறிவுடையவராதல் வேண்டும் என வகுத்துரைக்கின்றது. விமானச் சட்டம், விமானம் பற்றிய பொது அறிவு, செயற்றிறனும் திட்டமிடலும் சுமையேற்றலும், மனிதச் செயலாற்றல், வானிலையியல், வழிச்செலுத்தல், செயற்பாட்டு நடைமுறைகள், பறத்தலின் தத்துவங்கள், வானொலித் தொடர்பு என அவை ஒன்பது. ஐரோப்பிய நாடுகள் இவற்றையே பதின்மூன்று தாள்களாகப் பிரித்துள்ளன. ஒவ்வொரு தாளிலும் 75 வீதப் புள்ளி பெறல்வேண்டும். முதற்றாளுக்குத் தோற்றிய மாதம் முடிந்ததிலிருந்து 18 மாதங்களுக்குள் அனைத்தையும் முடித்தல் வேண்டும். ஒரு தாளுக்கு நான்கு முறைக்கு மேல் தோற்றவியலாது. அண்ணன் கற்ற தடித்த நூல்கள் அந்த ஐரோப்பியப் பாடத்திட்டத்தைத் தழுவியவை. அவற்றை அடுக்கினால் எங்கள் வீட்டு மேசையின் பாதியை அடைத்துவிடும்.

விடுமுறைக்கு நான் வீடு சென்றிருந்தபோது அண்ணனும் அங்கிருந்தார். வழிச்செலுத்தற் றாளில் அவர் சித்தியடையவில்லை. வேண்டிய புள்ளியில் நான்கு குறைந்திருந்தது. மீண்டும் தோற்றுவதற்குக் கட்டணம், கொழும்பில் தங்குவதற்குச் செலவு, பிந்தும் ஒவ்வொரு மாதத்துக்கும் ஈட்டுக் கடனின் வட்டி எனக் கணக்கு நீண்டது. அவருடைய நண்பர் ஒருவர் பெருங்கட்டொன்றைக் கொடுத்தனுப்பியிருந்தார். அது முன்னைய பரீட்சைகளில் வந்தவையெனக் கூறப்படும் பல்தேர்வு வினாக்களின் திரட்டு. ஒவ்வொரு வினாவின் கீழும் சரியான விடை தடித்த எழுத்தில் இருந்தது. உலகெங்கும் விமானி மாணவர் இத்தகைய வினாத்திரட்டுகளைப் பயன்படுத்துகின்றனர். அவற்றை விற்பதே தொழிலாகக் கொண்டோரும் உளர்.

அப்பாவுக்கு வழி தெளிவாகவே தெரிந்தது. “மொதல்ல பாஸாகு தம்பி. வெளங்கிக்கிறத பொறகு பாத்துக்கலாம்” என்றார். அப்பேச்சை அறியாமை என எவரும் தள்ளிவிடுதல் ஆகாது. கடையின் உறுதிப்பத்திரம் பிறர் கையில் இருக்கையில், விளக்கம் என்பது வசதியுள்ளோர்க்குரிய பொருளாகவே ஒரு தந்தைக்குத் தோன்றும். அண்ணன் மறுமொழி கூறவில்லை. அன்றிரவு கட்டை என்னிடம் தந்து, “வினாவ மட்டும் வாசி தங்கச்சி. விடையச் சொல்லாத. நான் ஒண்ணச் சொன்னா, மத்த மூணும் ஏன் பிழையெண்டு கேள்” என்றார். கொழும்பு வாழ்க்கை அவருடைய பேச்சிற் சில சொற்களை மாற்றியிருந்தது.

இவ்வாறே கணிதத்திற் சாதாரண தரத்தோடு விடைபெற்ற நான், மூன்று வாரங்கள் விமானி ஒருவரின் வினாத்தொடுப்பாளரானேன்.

அவ்வினாக்களுள் ஒன்றை இங்கு எடுத்துக்காட்டுதல் பயனுடைத்து. விமானத்தின் உயரமானி என்பது அடிப்படையில் ஓர் அமுக்கமானியே. மேலே செல்லச் செல்ல வளியமுக்கம் குறையும் என்ற உண்மையைக் கொண்டு அது அமுக்கத்தை அடிகளாக மாற்றிக் காட்டுகின்றது. ஆகவே அவ்விடத்துக்குரிய கடல்மட்ட அமுக்கத்தை விமானி அதிற் பொருத்திக்கொள்ளல் வேண்டும். வினா இதுதான்: உயரமானியில் 1013 ஹெக்ரோபஸ்கால் பொருத்தப்பட்டுள்ளது, அவ்விடத்தின் உண்மையான கடல்மட்ட அமுக்கம் 1003, உயரமானி 1,000 அடி காட்டுகின்றது, ஒரு ஹெக்ரோபஸ்காலுக்கு 27 அடியெனக் கொண்டால் விமானம் கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் உள்ளது? தரப்பட்ட விடைகள் நான்கு: 1,270, 1,000, 973, 730.

சரியான விடை 730. திரட்டை மனனஞ் செய்பவருக்கு அவ்வெண் போதும். ஆனால் அண்ணன் ஏனைய மூன்றையும் விடவில்லை. 1,270 என்பவர் கூட்டவேண்டியதையும் கழிக்கவேண்டியதையும் மாற்றிக்கொண்டவர். 1,000 என்பவர் கருவி காட்டுவதை அப்படியே நம்புபவர். 973 என்பவர் தத்துவத்தை அறிந்தும், பத்து ஹெக்ரோபஸ்கால் வேறுபாட்டை ஒன்றாகக் கொண்டு அவசரப்பட்டவர். வினாவை ஆக்கியவர் பிழையான விடைகளை எழுந்தமானமாக எழுதவில்லை. மனிதர் எவ்வெவ்வாறு பிழைவிடுவர் என்பதை அறிந்தே அவற்றை அமைத்திருக்கிறார். தடித்த எழுத்திலிருந்த ஒரு விடையை மட்டும் கற்பவர் பாடத்தின் நாலிலொரு பங்கையே கற்கிறார் என்பது எனக்கு அன்றே புலனாயிற்று. விமானி தாம் 1,000 அடியில் இருப்பதாக எண்ணிக்கொண்டிருக்க, விமானம் 270 அடி கீழே பறந்துகொண்டிருக்கும். முகிலுக்குள் அதை அவருக்கு அறிவிக்க வேறு எவருமில்லை.

இங்குதான் எங்கள் ஊருக்கும் அவ்வினாத்தாளுக்கும் உள்ள உறவு வெளிப்பட்டது. 1974 ஆம் ஆண்டு திசெம்பர் மாதம் 4 ஆந் திகதி இரவு, இந்தோனேசியாவின் சுரபாயா நகரிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு கட்டுநாயக்காவில் இறங்கவிருந்த மார்ட்டினெயார் நிறுவனத்தின் டீ.சி.–8 விமானம், எங்கள் ஏழு கன்னியர் மலைத்தொடரில் மோதிச் சிதறியது. அதிலிருந்த 191 பேரும் உயிரிழந்தனர். விமானநிலையத்திலிருந்து தாம் எவ்வளவு தூரத்தில் உள்ளனர் என்பதைக் குழுவினர் பிழையாக அடையாளங்கண்டு, பாதுகாப்பான ஆகக்குறைந்த உயரத்துக்குக் கீழே இறங்கியமையே அதற்குக் காரணமாயிற்று. கட்டுநாயக்காவுக்கு இன்னும் ஏறத்தாழ நாற்பது கடல்மைல் இருந்தது. இடையில் மலைகள் இருந்தன.

அப்பாயி அப்பொழுது நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டமொன்றிற் கொழுந்து பறித்த இளம்பெண். அவ்விரவைப் பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை. “இடி மாதிரிக் கேட்டுச்சு, மலைக்கு அந்தண்ட வானம் செவந்துச்சு” என்பதற்குமேல் அவரிடமிருந்து ஒருபோதும் எதுவும் வந்ததில்லை. மறுநாட் காலை மலையேறிச் சென்றுவந்த ஆண்கள் பல நாட்கள் சோறு உண்ணவில்லை என்பதை வேறொருவர் கூறவே நாங்கள் அறிந்தோம்.

அண்ணன் ஒரு மாலை வரைபடத்தை மேசைமீது விரித்து, அப்பாவை அழைத்து, அவ்விமானம் தான் இருப்பதாக எண்ணிய இடத்தையும் உண்மையில் இருந்த திசையையும் விரலாற் காட்டினார். வழிச்செலுத்தலில் அறுபதுக்கு ஒன்று என்றொரு விதியுண்டு. பாதை ஒரு பாகை பிசகினால், அறுபது கடல்மைல் சென்றபின் விமானம் ஒரு கடல்மைல் விலகி நிற்கும். சிறுபிள்ளையும் மனனஞ் செய்யத்தக்க விதி அது. ஆனால் எவ்விடத்திலிருந்து அந்த அறுபதை எண்ணத் தொடங்குகிறோம் என்பதிற் பிழைத்தால் விதி எதற்கும் உதவாது. குறித்த பகுதியிலுள்ள மிக உயர்ந்த தடைக்குமேல் ஆகக்குறைந்தது 1,000 அடி இடைவெளி இருக்கவேண்டும் என்பதற்காகவே பாதுகாப்பு உயரங்கள் வரைபடத்திற் குறிக்கப்படுகின்றன. ‘இருக்குமிடம் ஐயமானால் கீழிறங்காதே’ என்ற பொருளை அந்த எண்கள் சுமந்து நிற்கின்றன. அண்ணன் இதைக் கூறி முடித்தபோது அப்பா வரைபடத்தையே நோக்கிக்கொண்டிருந்தார். அதன்பின் அவர் ‘முதலில் பாஸாகு’ எனக் கூறியதில்லை. கடனைப் பற்றியும் பேசவில்லை. அது குறைந்துவிட்டதனால் அன்று.

கணக்கிலே பின்தங்கிய நான் மொழியிலே அவருக்குச் சிறிது பயன்பட்டேன். வானொலித் தொடர்பு என்ற பாடத்தை மாணவர் பலர் இலகுவானதென ஒதுக்கிவிடுகின்றனர். சொற்களின் பட்டியல்தானே என்பது அவர்கள் எண்ணம். அப்பட்டியலின் வரலாற்றை ஆராய்ந்தபோது, சொல்லாராய்ச்சி செய்யும் நாம் அனைவரும் அறிந்திருக்கவேண்டியதாக அது எனக்குப் பட்டது. 1977 மார்ச் 27 ஆந் திகதி கனரித் தீவுகளில் ஒன்றான ரெனரிவ் தீவின் விமானநிலையத்தில், மூடுபனியில், இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையில் மோதின. 583 பேர் மாண்டனர். மேலெழும்புவதற்கு அனுமதி கிடைக்கு முன்னரே கே.எல்.எம். விமானம் ஓடத் தொடங்கியிருந்தது. ‘ரேக் ஓவ்’ என்ற சொல்லை ஒருவர் ஒரு பொருளிற் கூற, மற்றவர் வேறு பொருளிற் கேட்டார். அதன்பின்னர் அச்சொல், மேலெழும்ப அனுமதி வழங்கும்போதோ அதை நீக்கும்போதோ அன்றி வேறெங்கும் பயன்படுத்தப்படலாகாது என்ற நடைமுறை ஏற்பட்டது. ஏனைய இடங்களிற் ‘டிப்பாச்சர்’ என்ற சொல்லே வரும்.

1990 சனவரி 25 ஆந் திகதி அவியங்கா நிறுவனத்தின் 52 ஆம் இலக்க விமானம் நியூயோர்க்குக்கு அருகில் எரிபொருள் தீர்ந்து விழுந்தது. 73 பேர் இறந்தனர். குழுவினர் ‘முன்னுரிமை’ வேண்டினர். எரிபொருள் தீர்கின்றது எனவும் கூறினர். ‘அவசரநிலை’ என்பதை உணர்த்தும் உரிய சொல்லை மாத்திரம் அவர்கள் கூறவில்லை. எரிபொருட் குறைவை அறிவிக்கும் சொற்றொடர்கள் 2012 ஆம் ஆண்டிற் சர்வதேச ரீதியில் வரையறுக்கப்பட்டன. ஒருபொருட் பன்மொழி இலக்கியத்துக்கு அழகு. ஓடுபாதையில் அதுவே ஆபத்தாகின்றது. பட்டியலை மனனஞ் செய்வதற்குச் சலித்த அண்ணன், இக்கதைகளைக் கேட்டபின் ஒரு சொல்லையும் மாற்றிக் கூறியதில்லை. காரணம் அறிந்தபின் மனனம் அவருக்குச் சுமையாக இருக்கவில்லை.

ரெனரிவ் விபத்தில் இன்னொரு பாடமும் உண்டு. மற்றைய விமானம் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா என்ற ஐயத்தைக் கே.எல்.எம். விமானத்தின் பறப்புப் பொறியியலாளர் வாய்விட்டுக் கேட்டார். தலைமை விமானி ‘ஆம்’ என்றார். அவர் அந்நிறுவனத்திலே ஏனையோரைப் பயிற்றுவித்த பெருமதிப்புக்குரிய ஆசிரியர். இளையவர் தம் ஐயத்தை மீண்டும் வற்புறுத்தவில்லை. இன்று மனிதச் செயலாற்றல் என்ற தாளில், மூத்தவரிடம் ஐயத்தை எவ்வாறு எழுப்புவது, இளையவரின் ஐயத்தை எவ்வாறு செவிமடுப்பது என்பன பாடங்களாகவே உள்ளன. விரிவுரை மண்டபத்தின் பின்வரிசையில், ஐயத்தை விழுங்கிக்கொண்டு குறிப்பெடுக்கும் நம்மவர் பலர் நினைவுக்கு வந்தனர்.

இம்மூன்று வாரங்களில் நான் அறிந்தவற்றுள் தலையாயது, விமானத்துறை மனனத்தை வெறுக்கவுமில்லை, வணங்கவுமில்லை என்பதே. அதற்குரிய இடத்தை அத்துறை அளந்து கொடுத்திருக்கின்றது. 35,000 அடி உயரத்தில் விமானத்தினுள்ளே அமுக்கம் திடீரென இழக்கப்பட்டால், மனிதன் பயனுள்ளவாறு சிந்திக்கக்கூடிய காலம் ஏறத்தாழ அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரையே. ஒட்சிசன் குறைந்த மூளை தனது குறையைத் தான் உணராது. மாறாக, எல்லாம் நன்றாகவே உள்ளதென்ற களிப்பும் அதற்குத் தோன்றலாம். அந்நேரத்தில் நூலைப் புரட்ட அவகாசமில்லை. ஆகவே முதலில் முகமூடியை அணிதல் முதலிய சில செயல்களை விமானிகள் சிந்தியாமலே செய்யுமளவுக்கு மனனஞ் செய்கின்றனர்.

ஆனால் ஏனைய செயல்களை நினைவிடம் ஒப்படைக்க அவர்கள் மறுக்கின்றனர். 1935 ஒற்றோபர் 30 ஆந் திகதி அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில், போயிங் நிறுவனத்தின் 299 ஆம் மாதிரி விமானம் பரீட்சார்த்தப் பறப்பில் விழுந்து இருவர் இறந்தனர். தரையில் நிற்கும்போது வாற்பகுதியின் கட்டுப்பாட்டுப் பரப்புகளை அசையாது பிடித்துவைக்கும் பூட்டை நீக்க, மிகத் தேர்ந்த விமானிகளே மறந்துவிட்டனர். செய்யவேண்டியவற்றைத் தாளில் எழுதி, ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும் பட்டியல்முறை அதன் விளைவாக வேரூன்றியது. திறமை மறதிக்கு மருந்தன்று என்பதை அத்துறை ஏற்றுக்கொண்டது.

நினைவிலும் இல்லாத, தாளிலும் இல்லாத நிலையும் உண்டு. 1989 யூலை 19 ஆந் திகதி யுனைற்றட் நிறுவனத்தின் 232 ஆம் இலக்க விமானத்தில் வாற்பகுதி எந்திரம் வெடித்து, கட்டுப்பாட்டுக்குரிய மூன்று நீரியல் தொகுதிகளும் செயலிழந்தன. அந்நிலைக்கு எப்பட்டியலும் எழுதப்பட்டிருக்கவில்லை. எஞ்சிய இரண்டு எந்திரங்களின் உந்துவிசையைக் கூட்டியும் குறைத்துமே குழுவினர் விமானத்தைத் திருப்பி, சூ சிற்றி நகரின் விமானநிலையம் வரை கொண்டுவந்தனர். அதிலிருந்த 296 பேரில் 184 பேர் உயிர்தப்பினர். பறத்தலின் தத்துவத்தை விளங்கியிருந்தமையும் கூடியிருந்து ஆராய்ந்தமையுமே அங்கு கைகொடுத்தன. எதை நினைவில் வைப்பது, எதைத் தாளில் வைப்பது, எதை விளங்கிக்கொள்வது என்ற பகுப்பு இத்துறையில் உயிர்களை விலையாகக் கொடுத்துப் பெறப்பட்டதாகும்.

நமது மரபுக்கு இது புதிதன்று. நன்னூலின் பொதுப்பாயிரம் மாணவரின் கடமைகளைக் கூறுமிடத்தில், பாடத்தைப் போற்றுவதையும் கேட்டவற்றை நினைப்பதையும் வினாவுவதையும் விடையளிப்பதையும் ஒரே வரிசையில் வைத்துரைக்கின்றது. சூத்திரங்கள் சுருக்கமாக யாக்கப்பட்டமை அவை மனத்திற் பதிவதற்காகவே. ஆயின் அவற்றுக்கு உரைகளும் எழுந்தன. உரைகள் ஒன்றோடொன்று மாறுபடவும் செய்தன. பரிமேலழகர் உரையை மனனஞ் செய்தல் இழுக்கன்று. மணக்குடவர் ஓரிடத்தில் ஏன் வேறுபடுகிறார் என்று கேளாதிருத்தலே இழுக்கு. மனனத்திலிருந்து வினாவைப் பிரித்தெடுத்து, வந்த வினாக்களின் விடைகளை மட்டும் கைமாற்றும் வழக்கம் பிற்காலத்தில் நாமே ஆக்கிக்கொண்டது.

நமது விடை பிழைத்தால் எவரும் இறப்பதில்லை என்பது உண்மையே. ஆயினும் நம்மிற் பெரும்பாலோர் ஆசிரியராகவும் நிருவாகியாகவும் செல்லவிருப்பவர்கள். மூத்த மாணவரிடமிருந்து பெற்ற குறிப்பை விளங்காமல் எழுதிச் சித்தியடைந்தவர், நாளை ஹற்றனிலோ மன்னாரிலோ ஒரு வகுப்பறையில் அதே குறிப்பையே கரும்பலகையில் எழுதுவார். அங்கிருக்கும் பிள்ளையின் இழப்பு எந்த விசாரணை அறிக்கையிலும் இடம்பெறாது. எனவே இவ்வாண்டு எங்கள் வகுப்பில் நால்வர் சேர்ந்து, கடந்தகால வினாத்தாள்களை அண்ணன் செய்தவாறு பயில்கின்றோம். ஒருவர் விடை கூற, மற்றையோர் அதற்கு மாறான மூன்று விடைகளைக் கூறி, அவை ஏன் பொருந்தா என்று கேட்கின்றோம். சில வேளைகளில் அவையும் பொருந்துகின்றன. கலைப்பீடத்தின் இன்பமும் இடரும் அதுவேயாகும்.

அண்ணன் இரண்டாம் முறை தோற்றி வழிச்செலுத்தலிற் சித்தியடைந்தார். இன்னும் இரண்டு தாள்கள் உள்ளன. அவை முடிந்தபின்னும் பறப்புப் பரீட்சைகள் உண்டு. பயணிகள் விமானத்தின் தலைமை விமானிக்குரிய முழு அனுமதிப்பத்திரத்தைப் பெற, 1,500 மணித்தியாலப் பறப்பு அனுபவமும் வேண்டும். கடையின் உறுதிப்பத்திரம் இன்னும் மீட்கப்படவில்லை. வட்டி கட்டும் நாளில் அப்பா எப்பொழுதும்போல் நேரத்தோடு எழுந்து வங்கிக்குச் செல்கிறார். சென்ற மாதம் நான் தொலைபேசியிற் பேசியபோது, அண்ணனின் அடுத்த தாள் யாது என அவரிடம் கேட்டேன். “வானிலை” என்றார், பின்னர், முகில் எவ்வாறு உண்டாகின்றது என்பதைத் தமக்கு அண்ணன் விளக்கிய விதத்தை ஐந்து நிமிடம் நின்று நிதானமாக எனக்கு விளக்கினார். அதில் ஒரு பிழையும் இருக்கவில்லை.